புற்றுநோய்க்கான செல் சிகிச்சை ஆய்வு: மருத்துவர்-விஞ்ஞானி ஆக விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நோயாளியின் டி-செல்களை எடுத்து, மாற்றியமைத்து, புற்றுநோய்க்கு எதிராக அவர் உடலுக்குள்ளேயே திருப்பி அனுப்பும் சிகிச்சையில் ஆய்வு செய்ய நிறைய மருத்துவ மாணவர்களும் இளம் மருத்துவர்களும் விரும்புகிறார்கள். அவர்களிடமிருந்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். அடிப்படை தெரிந்தவர்கள் 4-லிருந்து படிக்கலாம்.

1. செல் தெரபின்னா, ஸ்டெம் செல் ஊசி போடுறாங்களே, அதுவா?

இல்லை. இங்கே பேசுவது நோயெதிர்ப்பு செல்களைப் பற்றி, குறிப்பாக டி-செல்களைப் பற்றி. மூட்டு வலிக்கும் முடி உதிர்வுக்கும் "ஸ்டெம் செல்" என்று விற்கப்படும் ஊசிகளுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை மட்டும் இதற்கு நெருங்கிய உறவு. கொடையாளியின் டி-செல்கள் நோயாளியின் லுக்கீமியாவை (ரத்தப் புற்றுநோயை) அழிக்கும் என்பது அங்கேதான் தெரியவந்தது. மாற்று சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பியவர்களுக்குக் கொடையாளியின் லிம்போசைட்டுகளைக் கொடுத்தே நோயை அடக்க முடியும் என்று 1990-ல் ஹான்ஸ்-யோகெம் கோல்ப் குழு காட்டியது.

2. கார்-டி செல்லுனா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

இயல்பான டி-செல், எச்.எல்.ஏ. மூலக்கூறு ஏந்திக் காட்டும் புரதத் துண்டை வைத்துத்தான் எதிரியை அடையாளம் காணும். பல புற்றுநோய் செல்கள் எச்.எல்.ஏ.வைக் குறைத்துக்கொண்டு தப்பிவிடும். கார் என்பது டி-செல்லில் நாம் பொருத்தும் செயற்கை ஏற்பி. வெளியே ஆன்டிபாடியின் பிடிக்கும் பகுதி, உள்ளே சி.டி.3 ஜீட்டா என்ற முடுக்கும் பகுதி, கூடவே சி.டி.28 அல்லது 4-1பிபி என்ற துணைச் சமிக்ஞை. இதனால் எச்.எல்.ஏ. இல்லாமலே செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதத்தை நேரடியாகப் பிடிக்கலாம். செல்லுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் புரதத்தைப் பிடிக்க முடியாது என்பது இதன் எல்லை.

3. இதைக் கண்டுபிடிச்சது டாக்டர்களா, விஞ்ஞானிகளா?

இரு தரப்பும். வைஸ்மன் நிறுவனத்தின் ஸெலிக் எஷார் நோயெதிர்ப்பியல் விஞ்ஞானி. அவர் குழு 1989-ல் ஆன்டிபாடியின் பிடிப்பு கொண்ட டி-செல்லை உருவாக்கியது. ஆனால் அந்த முதல் வடிவம் உடலுக்குள் நீடிக்கவில்லை. துணைச் சமிக்ஞை சேர்த்து அதை நிலைக்கச் செய்ததில் மருத்துவம் படித்தவர்களின் பங்கு பெரிது: நியூயார்க்கில் மிஷெல் சாடலேன் சி.டி.28-ஐயும், மெம்ஃபிஸில் டாரியோ கம்பானா 4-1பிபியையும் கையிலெடுத்தார்கள். டி-செல்லைப் புற்றுநோய்க்கு மருந்தாகக் கொடுக்கலாம் என்று 1980-கள் முதலே நோயாளிகளிடம் செய்து காட்டியவர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அறுவை மருத்துவர் ஸ்டீவன் ரோசன்பெர்க்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் குழு 2010-ல் மூன்று லுக்கீமியா நோயாளிகளுக்குக் கார்-டி செல்களைக் கொடுத்தது. முடிவுகள் 2011-ல் வெளிவந்தன. முதல் கார்-டி மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 ஆகஸ்ட் 30 அன்று அனுமதி தந்தது.

4. மருத்துவர்-விஞ்ஞானின்னா பாதி நாள் வார்டு, பாதி நாள் லேபா?

அப்படிப் பிரித்தால் இரண்டுமே கெடும். வார்டு வேலை எப்போதும் அவசரமாக இருக்கும். லேப் வேலை எப்போதும் நாளைக்குத் தள்ளக்கூடியதாகத் தெரியும். அரை நாள் என்று வைத்தால் அந்த அரை நாளையும் வார்டு விழுங்கிவிடும். நடைமுறையில் நிலைக்கும் ஏற்பாடு வேறு: வாரத்தில் ஒரு நாள் புறநோயாளி பிரிவு, ஆண்டில் சில வாரங்கள் முழுநேரமாக வார்டு, மற்ற நாள்களில் ஆய்வு மட்டும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் கே08 நிதி இதை நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. 3 முதல் 5 ஆண்டுகள் வரை பொதுவாக 75% வேலை நேரம் ஆய்வுக்குப் போக வேண்டும் என்று மருத்துவமனை எழுதித்தர வேண்டும்.

வேலையில் சேரும்போது கேட்க வேண்டியதும் அதுதான். சம்பளத்தைவிட "எத்தனை சதவீத நேரம் ஆய்வுக்கு, எத்தனை ஆண்டுக்கு, என் இடத்தில் வார்டைப் பார்ப்பவர் யார்?" என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் முதல் இரண்டும் வெறும் காகிதம்.

5. டாக்டருக்குப் படிச்ச பிறகு தனியா பிஎச்.டி. வேணுமா? எந்தப் பிரிவுல சேரணும்?

பட்டம் கட்டாயமில்லை, பயிற்சி கட்டாயம். மருத்துவமும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்புகளுக்குச் சுமார் 8 ஆண்டுகள் ஆகும். சிறப்புப் பயிற்சிக்குப் பிறகு ஒரு நல்ல லேபில் மூன்று நான்கு ஆண்டுகள் முழுநேரமாக இருந்தும் இதே இடத்துக்கு வரலாம். ஆறு மாத "ஆய்வுச் சுழற்சி" போதாது. ஒரு கேள்வியைத் தானே எழுப்பி, சோதனை தோற்றதன் காரணத்தைத் தானே கண்டுபிடித்த அனுபவம் அதில் கிடைக்காது.

பிரிவைப் பொறுத்தவரை ரத்தவியல், குழந்தைப் புற்றுநோயியல், மருத்துவப் புற்றுநோயியல் மூன்றும் நேரான வழி. மஜ்ஜை மாற்றுப் பிரிவில் பயிற்சி இருந்தால் கூடுதல் பலம்.

6. லேப்ல முதல்ல எதைக் கத்துக்கணும்?

ஃப்ளோ சைட்டோமெட்ரி. நிறச்சாயம் ஒட்டிய ஆன்டிபாடிகளால் செல்களைக் குறித்து, லேசர் வழியே ஒவ்வொன்றாக அளக்கும் முறை இது. செல்லில் கார் ஏறியிருக்கிறதா, எத்தனை சதவீதம், சி.டி.4, சி.டி.8 என்ற இரு வகை டி-செல்களின் விகிதம் என்ன, செல் களைத்துப்போயிருக்கிறதா என்று எல்லாமே இதில்தான் தெரியும். புதியவர்கள் சறுக்கும் இடம் இரண்டு. இறந்த செல்களைப் பிரித்துக்காட்டும் சாயம் சேர்க்காமல் விடுவது முதலாவது. இறந்த செல் எல்லா ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொள்வதால் இல்லாத கார் இருப்பதுபோல் தெரியும். இரண்டாவது, ஒரு நிறத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சேர்த்த ஒப்பீட்டுக் குழாய் வைக்காமல் எல்லைக்கோட்டைக் கண்ணால் போடுவது.

அடுத்தது, கொல்லும் திறன் சோதனை. ஒரு டி-செல்லுக்கு ஒரு புற்றுநோய் செல் என்று வைத்து ஓர் இரவு விட்டால் சுமாரான கார் கூட நன்றாகவே கொல்லும். அதில் எதுவும் தெரியாது. புதிய புற்றுநோய் செல்களை இரண்டு மூன்று நாளுக்கொரு முறை சேர்த்துக்கொண்டே போய், எந்தச் சுற்றில் டி-செல் கைவிடுகிறது என்று பாருங்கள். குறைந்தது மூன்று கொடையாளிகளின் செல்கள் வேண்டும். அதே கொடையாளியின் கார் ஏற்றாத டி-செல்லை ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். வேறு கொடையாளியின் செல்லோடு ஒப்பிட்டால் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தை மருந்தின் பலனாக நினைத்துவிடுவீர்கள்.

7. ஒரு நோயாளிக்கான டோஸ் எப்படித் தயாராகுது? எங்கே கெடும்?

முதலில் லியூக்காஃபெரிசிஸ். உடலின் மொத்த ரத்த அளவைப் போல இரண்டு மூன்று மடங்கை இயந்திரத்தின் வழியே சுற்றவிட்டு வெள்ளை அணுக்களைப் பிரிப்பார்கள். சில மணி நேரம் ஆகும். பல தோல்விகளுக்கு விதை இங்கேதான். அதற்குச் சில நாள் முன்பு வரை ஸ்டீராய்டு கொடுத்திருந்தாலோ, சில மாதங்களுக்குள் பென்டமஸ்டின் போன்ற மருந்து கொடுத்திருந்தாலோ டி-செல் குறைவாகவும் சோர்ந்தும் வரும். "கார்-டி கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நான்கைந்து கீமோ சுற்றுகளைத் தாண்டி அனுப்பப்படும் நோயாளிக்குத் தயாரிப்பு தோற்கும் வாய்ப்பு அதிகம்.

பிறகு சுத்த அறையில் டி-செல்களை சி.டி.3, சி.டி.28 ஆன்டிபாடி பூசிய மணிகளால் தூண்டி, லென்டிவைரஸ் அல்லது ரெட்ரோவைரஸ் மூலம் கார் மரபணுவை ஏற்றுவார்கள். டி-செல்லை வளர்க்கும் சமிக்ஞைப் புரதங்களான (சைட்டோகைன்) ஐ.எல்-2 அல்லது ஐ.எல்-7, ஐ.எல்-15 சேர்த்து ஏழு முதல் பத்து நாள் வளர்த்து, மணிகளை நீக்கி, நிமிடத்துக்குச் சுமார் 1 டிகிரி வீதம் குளிரவைத்து, திரவ நைட்ரஜன் ஆவியில் வைப்பார்கள். வெளியே அனுப்பும் முன் உயிருள்ள செல் சதவீதம் (பொதுவாக 70-க்குக் குறையக்கூடாது), பாக்டீரியா, மைக்கோபிளாஸ்மா, எண்டோடாக்சின், ஒரு செல்லுக்கு எத்தனை மரபணுப் பிரதி (பொதுவாக 5-க்குள்), தானே பெருகும் வைரஸ் இல்லை என்பது எல்லாம் தேற வேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவுவரை பையின் மேல் உள்ள அடையாளமும் நோயாளியின் கைப்பட்டையும் பொருந்த வேண்டும். வேறொருவரின் செல் ஏறினால் திருத்த வழியே இல்லை.

கடைசி நேரத் தவறும் நடக்கும். பையை 37 டிகிரி நீரில் உருக்கியதும் தாமதிக்காமல் ஏற்ற வேண்டும். ரத்தம் ஏற்றும் பழக்கத்தில் வெள்ளை அணு வடிகட்டியை மாட்டிவிட்டால் மருந்து முழுவதும் வடிகட்டியிலேயே நின்றுவிடும். ஏற்றும் முன் வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டீராய்டையும் இங்கே தவிர்க்க வேண்டும்.

8. செல்தான் மருந்துன்னா, அதுக்கு முன்னாடி ஏன் கீமோ?

இடம் காலி செய்ய. ஃப்ளூடராபின் சதுர மீட்டருக்கு 30 மி.கி., சைக்ளோஃபாஸ்ஃபமைடு 500 மி.கி. என்ற அளவில் மூன்று நாள் கொடுப்பது பரவலான முறை. இது புற்றுநோயைக் கொல்வதற்கான அளவல்ல. ஏற்கெனவே உள்ள லிம்போசைட்டுகள் குறைந்தால் அவை குடித்துத் தீர்க்கும் ஐ.எல்-7, ஐ.எல்-15 இரண்டும் புதிய செல்களுக்குக் கிடைக்கும்; அடக்கி வைக்கும் டி-செல்களும் குறையும்.

9. காய்ச்சல் வந்தா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தமாமே?

கார்-டி செல் பெருகும்போது காய்ச்சல் வரும், உண்மை. ஆனால் அதே நாள்களில் நோயாளிக்கு நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணு) மிகக் குறைவாக இருக்கும். தொற்றுக் காய்ச்சலும் அப்படியே இருக்கும். எனவே 38 டிகிரி தொட்டால் ரத்தக் கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாட்டிக் தொடங்குவது முதல் வேலை. "நல்ல அறிகுறி" என்று காத்திருந்தால் ஆளை இழக்கலாம்.

கார்-டி பெருகும்போது சைட்டோகைன்கள் அளவுக்கு மீறிச் சுரந்து வரும் இந்த எதிர்வினையை அடக்கும் வழி 2012-ல் ஃபிலடெல்பியாவில் தெரிந்தது. கார்-டி பெற்ற 6 வயதுச் சிறுமி ஐசியூவில் உயிருக்குப் போராடியபோது ரத்தத்தில் ஐ.எல்-6 மிக அதிகம் என்று பரிசோதனை சொன்னது. மூட்டுவாதத்துக்குப் பயன்படும், ஐ.எல்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் கையில் இருந்தது, கொடுத்தார்கள், பிழைத்தாள். இன்று கிலோவுக்கு 8 மி.கி. (30 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு 12 மி.கி.), ஒரு முறைக்கு 800 மி.கி.க்கு மிகாமல் என்பது வழக்கமான அளவு. இதைக் கொடுத்த பிறகு சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தக் குறியீடு) விழுந்துவிடும். அதை நம்பித் தொற்று இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

10. நோயாளி நல்லா பேசிக்கிட்டிருந்தவர் திடீர்னு தடுமாறுறார். அதுவும் சைட்டோகைனா?

தொடர்புடையது, ஆனால் இது மூளையைப் பாதிக்கும் எதிர்வினை, தனியாகப் பார்க்க வேண்டியது. டோசிலிசுமாப் மூளைக்குள் சரியாகப் போகாது. இங்கே டெக்ஸாமெத்தசோன்தான் மருந்து.

முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய 10 மதிப்பெண் பரிசோதனை இருக்கிறது. ஆண்டு, மாதம், ஊர், மருத்துவமனை சொன்னால் 4. மூன்று பொருளின் பெயர் சொன்னால் 3. சொன்னபடி செய்தால் 1. ஒரு வாக்கியம் எழுதினால் 1. 100-லிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணினால் 1. வாக்கியத்தைத் தினமும் ஒரே தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். பேச்சு தெளிவாக இருக்கும்போதே எழுத்து வரியை விட்டுச் சரிவதும், கடைசி எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதும் அந்தத் தாளில் தெரிந்துவிடும்.

11. எலியில குணமாச்சுன்னா மனுஷனுக்கு எவ்வளவு நம்பலாம்?

கொல்லும் திறன் பற்றி ஓரளவு நம்பலாம். பாதுகாப்பு பற்றி மிகக் குறைவு. வழக்கமாகப் பயன்படும் எலிக்குச் சொந்த டி-செல், பி-செல், என்.கே. செல் எதுவும் இல்லை. அதனால்தான் மனித செல் அதில் வளர்கிறது. கேள்வி 9-ல் சொன்ன எதிர்வினையில் ஐ.எல்-6-ஐ மோனோசைட்டும் மேக்ரோஃபேஜும்தான் பெரும்பாலும் சுரக்கின்றன என்று 2018-ல் எலிகளில் காட்ட முடிந்தது, அதற்கென்றே தனி எலி மாதிரிகளை உருவாக்கிய பிறகுதான்.

இரண்டு துயரமான பாடங்களை இந்தத் துறைக்கு வருபவர் கட்டாயம் படிக்க வேண்டும். 2010-ல் வெளியான அறிக்கை ஒன்று: சில புற்றுநோய் செல்களின் மேற்பரப்பில் அதிகமாக இருக்கும் ஹெர்2 புரதத்துக்கு எதிரான 1,000 கோடி கார்-டி செல்கள் பெற்ற நோயாளிக்கு 15 நிமிடத்தில் மூச்சுத்திணறல், ஐந்தாம் நாள் மரணம். நுரையீரல் செல்களில் மிகக் குறைவாக இருந்த ஹெர்2-ஐயே அந்தச் செல்கள் பிடித்துவிட்டதாகக் கருதப்படுகிறது. 2013-ல் வெளியானது இன்னொன்று: புற்றுநோய் செல்களில் காணப்படும் மேஜ்-ஏ3 புரதத்துக்கு எதிராகக் கூர்மையாக்கப்பட்ட டி-செல் ஏற்பி, இதயத் தசையிலுள்ள டைட்டின் புரதத்தையும் பிடித்தது, இருவர் இறந்தார்கள். வழக்கமான இதய செல் வளர்ப்பில் இது தெரியவில்லை, ஏனென்றால் அவற்றில் டைட்டின் போதிய அளவு இல்லை. ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய, துடிக்கும் இதய செல்லில் வைத்தபோதுதான் தெரிந்தது. "சோதித்தோம், எதுவும் இல்லை" என்று சொல்லும் முன், சோதித்த செல்லில் அந்தப் புரதம் இருந்ததா என்று பாருங்கள்.

12. முழுசா போன நோய் ஏன் திரும்ப வருது?

பொதுவாக இரண்டு விதம். பல கார்-டி மருந்துகளின் இலக்கு சி.டி.19, பி-செல்களிலும் அவற்றிலிருந்து வரும் லுக்கீமியாவிலும் மேற்பரப்பில் உள்ள புரதம். கார்-டி செல் சீக்கிரம் மறைந்துவிட்டால் சி.டி.19 உள்ள நோயே திரும்பும். பி-செல்கள் முன்னதாகவே தலைகாட்டுவது எச்சரிக்கை. கார்-டி செல் இருந்தும் புற்றுநோய் செல் சி.டி.19-ஐக் கைவிட்டால் அது இல்லாத நோய் திரும்பும். இரண்டுக்கும் அடுத்த சிகிச்சை வேறு என்பதால் நோய் திரும்பியதும் ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்யாமல் முடிவெடுக்கக் கூடாது.

மூன்றாவது விதம் அரிது. ஆனால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பென்சில்வேனியா குழு 2018-ல் வெளியிட்டது. நோயாளிக்கு ஒன்பது மாதம் கழித்து லுக்கீமியா திரும்பியது, சி.டி.19 இல்லை என்றது பரிசோதனை. தேடியபோது, தயாரிப்பின்போது டி-செல்லோடு கலந்திருந்த ஒரே ஒரு லுக்கீமியா செல்லில் கார் மரபணு ஏறியிருந்தது தெரிந்தது. அந்த கார் தன் செல்லின் சி.டி.19-ஐயே பிடித்து மூடி மறைத்துவிட்டது. அதே ஆண்டு அதே பல்கலைக்கழகத்திலிருந்து நேர்மாறான இன்னொரு கதையும் வந்தது: கார் மரபணு ஒரு டி-செல்லில் டெட்2 மரபணுவுக்குள் போய் விழ, அந்த ஒரு செல்லின் வாரிசுகளே பெருகி நோயை அழித்தன. இரண்டையும் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம் தயாரிப்பின் எச்சமும் நோயாளியின் ரத்தமும் தேதிவாரியாக உறையவைக்கப்பட்டிருந்ததுதான்.

ஆகவே ஆய்வுத் திட்டம் எழுதும் நாளிலேயே மாதிரி அட்டவணையையும் எழுதுங்கள். செல் ஏற்றும் முன், பிறகு 1, 3, 7, 10, 14, 21, 28-ஆம் நாள்கள், அதன்பின் மூன்று மாதத்துக்கொரு முறை. பிளாஸ்மா தனி, உயிருள்ள செல் தனி. கார்-டி உச்சம் பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள் வருவதால் அந்த வாரத்தில் விடுபட்ட குழாய்க்கு ஈடே கிடையாது. இரவு எட்டு மணிக்கு எடுக்கும் ரத்தத்தை யார் பிரித்து உறையவைப்பது என்று பெயர் போட்டு எழுதவும்.

13. ரத்தப் புற்றுநோய்க்கு இவ்வளவு பலன், கட்டிகளுக்கு ஏன் இல்லை?

சி.டி.19-ஐப் பிடித்தால் நல்ல பி-செல்லும் போகும். இம்யூனோகுளோபுலின் கொடுத்துச் சமாளிக்கலாம். நுரையீரல் செல்லையோ ஈரல் செல்லையோ இழந்து வாழ முடியாது (கேள்வி 11). தவிர, ஒரே கட்டியில் ஒரு பகுதி செல்லில் இலக்கு இருக்கும், இன்னொரு பகுதியில் இருக்காது, டி-செல் உள்ளே போவதே கடினம், போனாலும் டி.ஜி.எஃப்-பீட்டா போன்றவை அடக்கும்.

வழியே இல்லை என்பதில்லை. கட்டிக்குள் ஏற்கெனவே புகுந்த டி-செல்லை எடுத்து வளர்க்கும் சிகிச்சை மெலனோமாவுக்கும், மேஜ்-ஏ4-ஐப் பிடிக்கும் டி-செல் ஏற்பி சிகிச்சை சைனோவியல் சார்கோமாவுக்கும் 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. புதிதாக வருபவருக்கு அதிக வேலை காத்திருப்பது இங்கேதான்.

14. முதல் மனித ஆய்வுல டோஸை எப்படி முடிவு பண்றது? செல் உள்ளே போய்ப் பெருகுமே?

சரியான சந்தேகம். சாதாரண மருந்தில் அளவு கூடினால் நச்சும் கூடும். இங்கே நோய்ச்சுமை அதிகமுள்ளவருக்குக் குறைந்த டோஸே ஆயிரம் மடங்கு பெருகலாம். அதனால் மூன்று மூன்று பேராக அளவைக் கூட்டும் பழைய முறையை வைத்திருந்தாலும், ஒருவருக்குக் கொடுத்துச் சில வாரம் கவனித்த பிறகே அடுத்தவருக்குக் கொடுப்பது வழக்கம். நச்சைக் கணக்கிடும் காலமும் பெரும்பாலும் 28 நாள். தயாரிப்பு குறைந்த அளவில் வந்தால் என்ன செய்வது, கேட்ட தரத்தைத் தொடாத பையைக் கொடுக்கலாமா என்பதையும் முன்பே எழுதியிருக்க வேண்டும். நோயாளி படுக்கையில் காத்திருக்கும்போது எடுக்கும் முடிவு சாய்ந்துதான் இருக்கும்.

15. வைரஸால மரபணுவை மாத்துறோமே, அதனாலேயே புற்றுநோய் வராதா?

வரலாம், ஆனால் அரிது. 2000-களின் தொடக்கத்தில் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்கு ரெட்ரோவைரஸ் வழி மரபணு சிகிச்சை பெற்ற சில குழந்தைகளுக்கு லுக்கீமியா வந்தது. அங்கே மாற்றியது ரத்த ஸ்டெம் செல்லை. முதிர்ந்த டி-செல்லில் ஆபத்து மிகக் குறைவு. இருந்தாலும் கார்-டி பெற்ற சிலருக்கு டி-செல் புற்றுநோய் வந்ததைத் தொடர்ந்து 2024-ல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துகளின் குறிப்பேட்டில் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. 15 ஆண்டு தொடர் கண்காணிப்பு இதற்காகத்தான். கேள்வி 12-ன் மாதிரி அட்டவணை இங்கேயும் உதவும்: புதிய புற்றுநோயில் கார் மரபணு இருக்கிறதா என்று பார்க்காமல் காரணம் சொல்ல முடியாது.

16. நான் வடிவமைச்ச செல்லை என் நோயாளிக்கே கொடுக்கலாமா? "குணமாகுமா டாக்டர்"னு கேட்டா என்ன சொல்றது?

கொடுக்கலாம், ஒப்புதல் வாங்குவதை மட்டும் வேறொருவரிடம் விடுங்கள். காப்புரிமையோ நிறுவனப் பங்கோ இருந்தால் இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1999-ல் மரபணு சிகிச்சை ஆய்வொன்றில் 18 வயது இளைஞர் இறந்தபோது, ஆய்வுத் தலைவருக்குத் தொடர்புடைய நிறுவனத்தில் பங்கு இருந்தது பெரும் கேள்வியானது. துறையே பல ஆண்டுகள் பின்தங்கியது.

முதல் கட்ட ஆய்வின் நோக்கம் பாதுகாப்பான அளவைக் கண்டுபிடிப்பது. "உங்களுக்குப் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், எதற்கும் உறுதி இல்லை" என்று நேராகச் சொல்லுங்கள். படிவத்தை முதல் நாளே வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, மறுநாள் அவர் வாயால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். "எல்லாம் டாக்டர் பார்த்துக்குவார்" என்று மட்டும் பதில் வந்தால் அன்று கையெழுத்து வாங்காதீர்கள். தயாரிப்பு தோற்றால் அடுத்து என்ன சிகிச்சை, செல் தயாராகும் மூன்று நான்கு வாரத்தில் நோய் முற்றினால் இடையில் என்ன கொடுப்போம் என்ற இரண்டும் அந்தப் படிவத்திலேயே இருக்க வேண்டும்.